எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு கதவுகள்

ஷிஜாவுக்கு உட்காரத் தெரியாது என்று அவளுடைய அம்மா மாடம்மாள் கரமனையில் அந்தத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. காப்பி குடிக்கும்போது நிற்பாள். போனில் பேசும்போது நடப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பதினோரு வருடத்தில் ஏழு வேலை மாறியிருந்தாள். எங்கேயும் அவளைப் போகச் சொன்னதில்லை. ஒன்றரை வருடம் ஆனதும் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல ஆகிவிடும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் அவள். பிரசவம் பார்த்த நர்ஸ் தன் மகளுக்கென்று எடுத்துவைத்திருந்த பேரை, மகள் பிறக்காததால், இவளுக்குக் கொடுத்தாளாம். மலையாளத்தில் பத்தாம் வகுப்பு படித்து, பிறகு ஐடிஐயில் கட்டட வரைபடம் படித்தாள். அதே இடத்தில் ஏசி மெக்கானிக் படித்த பிரஜினைப் பார்த்ததும் பழகியதும் அங்கேதான். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. பிரஜின் ஆறு வருடமாகக் குவைத்தில் இருக்கிறான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். முட்டி தேய்ந்துபோய் மலையிலிருந்து இறங்கி வந்த மாடம்மாள் இரண்டு வருடமாக ஷிஜாவுடன்தான் இருக்கிறாள்.

ஏழாவது வேலை பழவங்காடியில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். அடுக்களை அலமாரிகளை வரைந்து, காட்டாக்கடைப் பக்கம் இருந்த சொந்தப் பட்டறையில் அறுத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கொண்டுபோய்ப் பொருத்துகிற கம்பெனி. வரைபடப் பிரிவுக்குத் தலைவர் நாகேஸ்வரன். ஸ்ரீவராகத்துக்காரர், அறுபதைத் தொடப்போகிறவர், மரியாதையான மனிதர். அவருக்குக் காகிதத்தில் வரையத் தெரியும். கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஷிஜாவை வேலைக்கு எடுத்ததே, கட்டடத்தையே முழு உருவமாகக் கட்டிப் பார்க்கும் ரெவிட் என்கிற மென்பொருள் அவள் கையில் ஓடியதால்தான். கீழே தெருவில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். ஷிஜா அதற்கு நடுவே நின்றுகொண்டு வேலை செய்வாள். மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டியை அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றியிருந்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆக்குளத்தில் எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பில் மாதிரிக்காக ஓர் அடுக்களையைப் பொருத்தி முடித்திருந்தார்கள். மொத்தம் அறுபத்துநான்கு வீடு, வீட்டுக்குப் பதினான்கு அலமாரிக் கதவு. மாதிரி சரியென்றால் மற்ற அறுபத்துமூன்றுக்கும் பலகை அறுக்கலாம். கட்டடக்காரர் தரப்பில் பார்க்க வந்தவள் பிந்து என்கிற என்ஜினீயர். சிரிக்காத முகம். மூலையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கதவில் ஒன்றைத் திறந்தாள். திறந்தபடியே விட்டுவிட்டு மற்றதைத் திறந்தாள். இரண்டாவது கதவு முதல் கதவின் கைப்பிடியில் போய் இடித்து நின்றது. புதுப் பலகையில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்தது.

பிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஷிஜாவிடம் திரும்பினாள்.

"நிங்கள் தந்த படத்தில எல்லாக் கதவும் அடைச்சே கிடக்கு. அடுக்களைய ஆராவது அடைச்சு வெச்சு உபயோகிப்பாங்களா?"

ஷிஜா வரைந்த கதவுகள் திறக்காத கதவுகள். சுவரில் ஒட்டிய அட்டைமாதிரி, அலமாரியின் முகத்தில் ஒரு பலகை. எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள், அவளும் அப்படித்தான் இத்தனை வருடம் வரைந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் சமயம் தரேன். எல்லா வீட்டிலயும் எல்லாக் கதவும் தொறந்து அடைக்கிறத எனக்கு மாடல்ல காணணும். அது கண்டிட்டு மதி பாக்கி வேலை, அது வரைக்கும் வேண்டாம்," என்றாள் பிந்து.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நாகேஸ்வரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பண்ணிட முடியுமோல்லியோ?"

"முடியும் சார்."

"நீ இதுக்கு முன்னாடி பண்ணிருக்கயா?"

"இல்ல சார்."

அவர் கைக்குட்டையை மடித்தார். "பட்டறைல பலகை அறுக்கறத நான் நிறுத்தச் சொல்லலை, கேட்டயா. மூலைய மட்டும் பின்னால பாத்துக்கலாம்னு இருக்கேன். நின்னா மிஷின வேற ஆர்டருக்குக் குடுத்துடுவா, மறுபடி கெடைக்காது," என்றார்.

அன்றிலிருந்து ஷிஜாவுக்கு எங்கே பார்த்தாலும் கதவாகவே தெரிந்தது. பஸ்ஸின் கதவு எத்தனை டிகிரி திறக்கிறது, பேக்கரிக் கண்ணாடிப்பெட்டிக்குக் கீல் எந்தப் பக்கம், வீட்டு பீரோவின் கதவு கட்டிலில் இடிக்காமல் இருக்க அம்மா எவ்வளவு திறக்கிறாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மென்பொருளில் கதவு, அலமாரி, குழாய் என்று திரும்பத் திரும்பப் பயன்படுகிற பொருள் ஒவ்வொன்றையும் ஃபேமிலி என்றுதான் சொல்வார்கள். ஒரு ஃபேமிலியைச் சரியாக உண்டாக்கிவிட்டால், அதைக் கட்டடம் முழுக்க எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். அளவை மாற்றினால் அதுவே நீளும், குறுகும். ஷிஜாவுக்கு வேண்டியது இன்னும் ஒன்று. கோணம் என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதில் முப்பது என்று போட்டால் கதவு முப்பது டிகிரி திறக்க வேண்டும். தொண்ணூறு என்றால் தொண்ணூறு.

முதலில் எல்லாரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள். ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு தளத்தைச் சாய்த்து, அதில் கதவை ஒட்டினாள். முப்பது கொடுத்ததும் கதவு திறந்தது. திறந்த கையோடு கீலை விட்டுப் பெயர்ந்து அடுத்த அறையில் போய் நின்றது. தளத்துக்கு நுனி கிடையாது. நுனி இல்லாததை எந்தப் புள்ளியில் கட்டிப்போடுவது. அதைக் கண்டுபிடிக்கவே புதன்கிழமை போயிற்று. வியாழக்கிழமை, நுனி உள்ள ஒரு கோட்டைப் போட்டாள். ஒரு நுனியைக் கீல் இருக்கும் மூலையில் வைத்துப் பூட்டினாள். கதவுப் பலகையை அந்தக் கோட்டின்மேலேயே வரைந்தாள். கோடு சுழன்றது, கதவும் கூடச் சுழன்றது. இருபது, அறுபது, தொண்ணூறு. அவள் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். பிறகு அடைத்துப் பார்ப்போம் என்று பூஜ்யம் போட்டாள்.

கட்டுகள் நிற்கவில்லை என்று எச்சரிக்கும் மஞ்சள் பெட்டி ஒன்று திரையில் வந்து விழுந்தது. சரி என்று அழுத்தியதும் பலகை ஓரிடத்திலும் கோடு வேறிடத்திலும் கிடந்தன. இனி எந்த எண்ணைப் போட்டாலும் கதவு அசையாது. ஃபேமிலி உடைந்துவிட்டது என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை நான்கு முறை உண்டாக்கினாள். நான்கு முறையும் உடைந்தது. திறக்கிற கதவு இருந்தது. அடைபடுகிற கதவு இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி நடந்தாள். திரும்பி வந்தபோது சாம்பார் இலையில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை நாகேஸ்வரன் வீட்டுக்குப் போனில் விளித்தார். ஷிஜா வழக்கம்போல அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசினாள். மாடம்மாள் உள்ளறையில் முட்டிக்குக் குழம்புத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ஃபேமிலி ஒடைஞ்சு போச்சு சார்," என்றாள் ஷிஜா. "மூணு நாளா நோக்குறேன். எப்பிடி ஒட்டவெச்சாலும் நிக்க மாட்டேங்குது... இல்ல சார், பழச வெச்சிட்டு இனி ஒரு பிரயோஜனமும் இல்ல. விட்டுட்டு முதல்லேர்ந்து புதுசா ஒண்ணு உண்டாக்குறதாக்கும் நல்லது. நானே தீருமானிச்சிட்டேன்."

மாடம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் போனில் மருமகனின் படத்தைத் தொட்டால் அவன் குரல் வரும் என்று தெரியும். ஷிஜா கடைக்குப் போன பத்து நிமிடத்தில் அவள் அந்தப் படத்தைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரஜினிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவான்.

"அம்ம விளிச்சிருந்தாங்க," என்றான்.

"என்னத்துக்கு? முட்டிக்கு மருந்து தீந்துபோச்சா?"

"எல்லாம் சொன்னாங்க. தீருமானிச்சிட்டா அத நீயே என்கிட்ட சொல்லியிருக்கலாம் ஷிஜா. ஆபீஸ்ல ஒரு சார்கிட்ட சொல்லுறதுக்கு முன்ன."

"எத?"

"ஃபேமிலி ஒடைஞ்சு போச்சு, புதுசா ஒண்ணு உண்டாக்கப்போறேண்ணு."

ஷிஜாவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசல்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அலமாரி, கதவு, மென்பொருள், மஞ்சள் பெட்டி எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"என்ன, விசுவாசம் வரல்லையா? வேணும்ணா சாரை விளிச்சுக் கேளு," என்றாள்.

"வருது. நீ பொய் சொல்ல மாட்டே." பிறகு சொன்னான்: "அதில்ல ஷிஜா. அம்ம சொன்னவொடனே நான் நம்பிட்டேன். ஏன் எதுக்குண்ணு ஒரு வார்த்தை கேக்கல்லை. சரி, வந்துபோச்சு அப்பிடீண்ணு நெனைச்சேன். ராத்திரி முழுக்கக் கெடந்து யோசிச்சேன், எனக்கு எப்பிடி ஒடனே நம்ப முடிஞ்சுதுண்ணு."

தெருவில் மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

"நான் பின்ன விளிக்கேன்," என்றாள்.

"எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவே," என்றான் பிரஜின். கோபமாகச் சொல்லவில்லை.

உள்ளே போய் அம்மாவிடம் சண்டை போட்டிருக்க வேண்டியவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கரமனைப் பாலத்தைத் தாண்டி, கிள்ளிப்பாலம் வழியாக நடந்தே போனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவனால் உடனே நம்ப முடிந்தது. அவளிடம் அவனைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? யோசித்துப் பார்த்தாள். அவளும் ஏன் எதுக்கு என்று கேட்டிருக்க மாட்டாள். பஸ் ஏறி வேலைக்குப் போயிருப்பாள். இது தெரிந்ததும் நடை இன்னும் வேகமாயிற்று. பழவங்காடி முக்குக்கு வந்தபோது பிளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது. போக வேறு இடம் தோன்றாததால், துணிக்கடை வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

யாரும் இல்லாத அலுவலகம். நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்து, பழைய கோப்புகள் எல்லாவற்றையும் அழித்தாள். ஒன்பதாவது முறையாகத் தொடங்கினாள். இரண்டு மணிநேரத்தில் மறுபடி அதே இடம். பூஜ்யம் போட்டால் உடைகிறது.

எல்லா எண்ணிலும் நிற்கிற கதவு பூஜ்யத்தில் மட்டும் ஏன் உடைகிறது? அவள் ஒரு தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தாள். அடைத்த அலமாரியின் முகம் ஒரு கோடு. திறந்த கதவு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தைத்தான் மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவு அடைபட்டதும் ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு படுத்துவிடுகிறது. நடுவே ஒன்றுமில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது அது கையை விட்டுவிடுகிறது.

அப்படியானால் அடைத்த இடத்திலிருந்து அளக்கவே கூடாது. வேறு எங்கிருந்தாவது அளக்க வேண்டும். கதவு எந்தக் காலத்திலும் போய்ப் படுக்காத ஓர் இடத்திலிருந்து.

அலமாரிக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால், முப்பது டிகிரி சாய்வில் அசையாத ஒரு கோடு போட்டாள். அங்கிருந்து அளந்தாள். கதவு அடைபட்டிருந்தால் முப்பது. தொண்ணூறு திறந்தால் நூற்றிருபது. போடுகிற எண்ணோடு முப்பதைத் தானாகக் கூட்டிக்கொள்ள ஒரு வரிக் கணக்கு எழுதினாள். பிறகு பூஜ்யம் போட்டாள். மஞ்சள் பெட்டி வரவில்லை. கதவு வந்து அலமாரியின் முகத்தில் பொருந்தி நின்றது. தொண்ணூறு போட்டாள். பூஜ்யம் போட்டாள். பதினேழு, நூற்றிரண்டு, பூஜ்யம், ஐந்து, பூஜ்யம். நாற்பது முறையாவது திறந்து அடைத்திருப்பாள்.

இதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. மணி இரண்டே முக்கால். குவைத்தில் பகல் பன்னிரண்டேகால். பிரஜினை வீடியோவில் கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே போனைத் திரையின் பக்கம் திருப்பினாள்.

"நோக்கு," என்றாள். "நான் எண்ணு போடுறேன். கதவ மட்டும் நோக்கு."

கதவு திறந்தது. அடைபட்டது. பாதி திறந்து நின்றது.

"இதாக்குமா?" என்றான் அவன்.

"இதாக்கும்."

"இதுக்காக்குமா எனக்கு நேத்து ராத்திரி ஒறக்கம் போனது?"

இப்போது அவன் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஒருக்கா தொற," என்றான். அவள் திறந்தாள். அவன் பேச ஆரம்பித்தான். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டச் சொல்லி சூப்பர்வைசர் தாளை மேஜைமேல் வைத்து ஒரு மாதமாகிறது. கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"ஒரு மாசமா? என்கிட்ட சொல்லவே இல்ல."

"எப்பச் சொல்ல? வெள்ளிக்கிழமை விளிச்சா நாலு நிமிஷம். அதுல அம்மைக்க முட்டி, கேஸ் சிலிண்டர், மழை பெய்யுதா. பின்னே விளிக்கேண்ணு வெச்சிருவே."

ஷிஜாவுக்கு "வந்திரு" என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. ஆறு வருடத்தில் அவன் விடுமுறைக்கு வந்தது மூன்று முறை. மூன்று முறையும் பதினைந்தாம் நாளே இரண்டு பேரும் நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இப்ப ஒண்ணும் ஒப்பிடாத," என்றாள் கடைசியில். கையெழுத்துப் போடாதே என்றுதான் பொருள். "வெள்ளிக்கிழமை இந்த வேலை தீரட்டு. நான் விளிக்கேன்." உடனே, "சத்தியமா விளிக்கேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, புதுக் கதவைக் கம்ப்யூட்டரில் கட்டடத்தின் முழு மாதிரியில் கொண்டுபோய் வைத்தாள். நாகேஸ்வரனும் பின்னால் வந்து நின்றார். ஷிஜா ஒரு கதவைத் தொட்டுத் தொண்ணூறு போட்டாள். அறுபத்துநான்கு வீட்டிலும் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

"சிவ சிவா," என்றார் நாகேஸ்வரன் மெதுவாக.

கோணத்தை எல்லாக் கதவுக்கும் பொதுவானதாக வைத்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அவள் அதை மாற்றாமல் நின்றாள். எல்லாம் திறந்துகிடந்த அந்தக் கோலத்தில், ஒன்று கண்ணில் பட்டிருந்தது. நான்காவது வரிசை வீடுகளில், உயரமான சாமான் அலமாரியின் கதவு ஒரு தூணுக்குள் புகுந்து நின்றது.

அந்த வரிசையில் பதினாறு வீடு. மற்ற வீடுகளில் இல்லாத ஒரு தூண் அங்கே அலமாரியை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. கீல் தூணின் பக்கம். கோணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கைப்பிடியோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் கதவு எழுபது டிகிரிக்கு மேல் திறக்காது. எழுபதில் உள்ளே இருக்கிற இழுப்புக் கம்பிக்கூடைகள் வெளியே வராது, கதவில் இடிக்கும். அரிசியும் பருப்பும் வைத்தால் எடுக்க முடியாத அலமாரி.

"கீல அடுத்த பக்கம் மாத்தணும் சார்," என்றாள். "பட்டறைல அந்த வீட்டுப் பலகை அறுக்காம நிறுத்தச் சொல்லணும்."

நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "அது ரெண்டு நாளா ஓடிண்டிருக்கு. இன்னிக்கி துளை போடறா. பிந்து கேட்டது மூலைக் கதவு. இத அவ பாக்கவேயில்லை."

"இனி பாப்பாங்க. இல்லேண்ணா அங்க குடி வரவங்க பாப்பாங்க."

"ஷிஜா, நீ எப்பவும் கால்ல வெந்நீர கொட்டிண்டு நிக்கறாப்பலதான். கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாக்கலாம். நாளைக்கிப் பேசறேன் அவாகிட்ட."

நாளைக்குத் துளை போட்டு முடிந்திருக்கும். ஷிஜா பையை எடுத்தாள். "நான் காட்டாக்கடைக்குப் போய்ட்டு வரேன் சார்." அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் படியில் இருந்தாள்.

பட்டறையில் பொருத்துகிறவர்களுக்கு மூத்தவர் தாசையன். பாறசாலைக்காரர், குள்ளமான, வாயில் எப்போதும் பென்சில் வைத்திருக்கும் ஆள். ஷிஜா சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு கதவையும் ஒரு அலமாரிக்கூட்டையும் எடுத்துவரச் செய்து, பட்டறைத் தூணை ஒட்டி வைத்தார். தூண் நீளவேண்டிய அளவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். கைப்பிடியைப் பசை நாடாவால் ஒட்டினார். கதவைத் திறந்தார். கட்டையில் இடித்து நின்றது. கம்பிக்கூடையை இழுத்தார். நான்கு விரல் வந்து கதவில் மாட்டிக்கொண்டது.

"எழுவதா சொன்னே?" என்றார்.

"எழுவது, அண்ணே."

அவர் கோணமானியை வைத்துப் பார்த்தார். "அறுவத்தொம்பது," என்றார். "உனக்க கம்ப்யூட்டருக்கு ஒரு டிகிரி தெற்றிப்போச்சு." பிறகு இயந்திரத்தின் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். சத்தம் நின்றது.

"அறுத்ததெல்லாம் பாழா அண்ணே?"

"எதுக்குப் பாழாவணும்? கதவுல மேலயும் கீழயும் ஒரே அளவுலதான் கீலுக்குக் குழி. தலைகீழாத் திருப்பினா இடது வலதாவும். கைப்பிடிக்கு நாங்க அங்க போய்த்தான் துளை போடுவோம். கூட்டுலதான் துளைக்க பக்கம் மாறணும். அதுல மூணு கூடு மட்டும் போட்டாச்சு. மத்த பதிமூணும் இன்னும் போடல்ல." அவர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னொண்ணு கேளு. நீ நூத்தியெம்பது வரைக்கும் கதவ தொறந்து படம் காட்டீராத. இந்தக் கீலு நூத்திப்பத்துக்கு மேல போவாதாக்கும்."

ஷிஜா அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். நாகேஸ்வரனை அங்கிருந்தே கூப்பிட்டுத் தாசையனிடம் போனைக் கொடுத்தாள். தாசையன் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். பிறகு, "மூணுதானே போச்சு? சரி, மாத்திடுங்கோ," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

செவ்வாயும் புதனும் நாகேஸ்வரன் அவளிடம் பேசவே இல்லை. வியாழக்கிழமை மாலை அவள் மூலைகளில் இரண்டு கதவும் இடிக்காதபடி ஐந்து சென்டிமீட்டர் பட்டை கொடுத்து, ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஏலக்காய்ச் சாயாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பிந்து வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுஸைத் தானே வாங்கிக்கொண்டாள். எண்களைத் தானே போட்டாள். ஒவ்வொரு வகை வீட்டிலும் ஒன்றாகப் பதினான்கு கதவையும் திறந்தாள், அடைத்தாள், பக்கத்துக் கதவோடு சேர்த்துத் திறந்தாள். இரண்டு மணிநேரம் ஆயிற்று. ஷிஜா பின்னால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். நான்காவது வரிசைக்கு வந்ததும் பிந்து நின்றாள்.

"இங்க மட்டும் எதுக்குக் கீலு மாறி இருக்கு?"

ஷிஜா சொன்னாள். பழைய இடத்தில் வைத்து எழுபதில் இடிப்பதையும் காட்டினாள். பிந்து அந்தத் தூணைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தத் தூணை அங்கே கொண்டுவந்தது அவளுடைய ஆட்கள்தான், வீட்டு வரைபடம் முடிந்த பிறகு.

"இது நானும் கண்டில்ல," என்றாள். பிறகு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "கதவு ஃபைல் எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. வேறொரு சைட்டுக்கு வேணும்," என்று கேட்டாள். நாகேஸ்வரன் அதை விலைக்குத்தான் தருவோம் என்று சொல்லவேண்டியவர், பேசாமல் தலையாட்டினார்.

அன்று மூன்று மணிக்கு ஷிஜா பிரஜினைக் கூப்பிட்டாள். முக்கால் மணிநேரம் பேசினார்கள். பாதி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யாரும் வைக்கவும் இல்லை. வந்தால் சரியாகும் என்று அவளால் உறுதி சொல்ல முடியவில்லை, அதையும் அப்படியே சொன்னாள். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தானாம். தாளை மறுநாள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தான்.

மாடம்மாள் இதில் தன் பங்கைப் பற்றி ஒருநாளும் வருத்தப்படவில்லை. "நான் விளிக்கல்லேண்ணா நீங்க ரெண்டுபேரும் கெழவன் கெழவி ஆன பெறவாக்கும் பேசியிருப்பிய," என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஜூன் இரண்டாம் வாரம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிரஜின் வந்து இறங்கினான். தலைமுடி முன்னால் கொஞ்சம் குறைந்திருந்தது. பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கியதும் நடக்க இடமில்லாமல் போயிற்று. ஷிஜா அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்தாள். அவன் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "போன வருஷம் ரெண்டு தடவ டிக்கெட் எடுத்தேன். ஒருக்கா ஓணத்துக்கு. ஒருக்கா சும்மா. ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"வந்து எங்க நிக்கணும்ணு தெரியல்ல."

ஷிஜா இன்னொரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அவன் சொல்லிக்கொண்டே போனான்: விமான நிலையம் வரை வந்து திரும்பியது, அறையில் கூட இருந்த யூசுப் அவனைத் திட்டியது, பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் கூரைமேல் ஏசி இயந்திரங்களுக்கு நடுவே சாப்பிட்டது. அவள் நடுநடுவே கேட்டாள். அவளும் சிலது சொன்னாள், அவனுக்குத் தெரியாதவை. வெளியே ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மாடம்மாள் அடுக்களையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். யாரும் எழுந்துபோகவில்லை. சோறு குழைந்து கஞ்சிப் பதமாகிவிட்டது. மூன்று பேரும் அதையே மோர் விட்டுச் சாப்பிட்டார்கள்.